தொட்டுப் பார்க்காத வயிறு

சம்மாந்துறைப் பக்கம் என் வயலுக்கு அடுத்த வயல் றம்ஸீனுடையது. மாட்டு வைத்தியம் தனக்கு அத்துப்படி என்று அவனுக்கு ஒரு நினைப்பு. உண்மையிலேயே தெரியும். அன்று எங்களைக் கெடுத்ததும் அதுதான்.

அவனுடைய காவல் நாய் ஜிம்மி. உயர்ந்த உடம்பு, ஆழமான நெஞ்சு. போன மாரியில் அவன் படுத்திருந்த காவல் குடிசையை, வாடியை, யானை முட்ட வந்தபோது குரைத்து அவனை எழுப்பியது அதுதான். ஆனாலும் ஆறு வருடமாக அதை அவன் தொட்டதில்லை. அவர்களுடைய மார்க்கப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். காய்ந்த கையால் தொட்டால் குற்றமில்லை என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். பிறகேன் தொடுவதில்லை என்று கேட்டால் சிரிப்பான். சோற்றை எட்ட நின்று கொட்டுவான், மணிக்கணக்காக அதோடு கதைப்பான், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் வயலில் அறுவடை. வெட்டு மெசினோடு வந்தவர்கள் மிச்சம் விட்ட சோறு முழுவதையும் காலையில் ஜிம்மிக்குக் கொட்டினான். அது அள்ளி விழுங்கிவிட்டு மயில்களைத் துரத்தி ஓடியது. பத்து மணிபோல வயிறு வீங்கத் தொடங்கியது. வயிறு ஊதிய மாட்டை நடத்துவார்கள். றம்ஸீனும் கயிற்றைப் பிடித்து நாயை வரம்பில் மேலும் கீழும் நடத்தினான், ஒரு மணித்தியாலம்.

நான் போனபோது ஜிம்மி ஓங்காளித்துக்கொண்டிருந்தது. நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. படுக்கும், உடனே எழும்பும், திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும்.

"வயித்தத் தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணன். கூடத் திண்டுட்டு. நடந்தா இறங்கிரும்."

நான் தொட்டேன். விலாவுக்குப் பின்னால் மத்தளம் போல இறுகியிருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. கல்முனையில் மிருக வைத்தியம் பார்க்கும் சுஜித்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஒண்டும் பருக்க வேணாம், நடத்தவும் வேணாம்," என்றார். "காத்தடைச்சு இரைப்பை முறுகியிருக்கும். இப்பவே கொண்டு வாங்க. இனி நிமிசக் கணக்குத்தான்."

ஜும்ஆத் தொழுகைக்கென்று குளித்து வெள்ளைச் சாரன் உடுத்திருந்தான் றம்ஸீன். யோசிக்கவேயில்லை. ஜிம்மியை வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மோட்டார்சைக்கிளில் ஏறினான்.

"யா அல்லாஹ்! கெதியா விடுங்கண்ணன், கெதியா!"

காரைதீவுச் சந்தி தாண்டும்போது கத்துவதை நிறுத்திவிட்டு நாயோடு கதைக்கத் தொடங்கினான்.

சுஜித்தா ஊசி குத்திக் காற்றை இறக்கினார். வயிறு தாழ்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றான் றம்ஸீன். ஒப்பரேசனுக்கு மயக்க மருந்து எடுப்பதற்குள் ஜிம்மியின் மூச்சு நின்றுவிட்டது. "ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா..." என்று தொடங்கிய சுஜித்தா, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. எத்தனை மாட்டு வயிற்றைத் தட்டிப் பார்த்தவன். ஒரு தரம் தொட்டிருந்தால் அவன் கைக்கே தெரிந்திருக்கும்.

வயலோரம் புதைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனோம். மனைவி நுஸ்ஹா ஒரு வாளி தண்ணீரும் சிரட்டையில் மண்ணும் கொண்டு வந்தாள். றம்ஸீன் கையை நீட்டவில்லை. ஜிம்மியின் நுரை காய்ந்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறு புள்ள," என்றான்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை அவள் வாளியோடு நின்றாள்.