ஆறு கிலோ காற்று

தொக்-சிம்முக்கு நீச்சல் தெரியாது. மலையடிவாரத்தில் முட்டைக்கோஸ் நட்டுக்கொண்டிருந்தவளைக் கொரியாவின் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்து, முக்குளிக்கிறவனுக்குக் கட்டிவைத்தார்கள். கடலைக் கண்டால் இன்றைக்கும் அவளுக்குக் குலை நடுங்கும். புருஷன் பியோங்-தேயின் மூச்சோ அவள் கையில். என்ன விதி பாருங்கள்.

அவன் செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆக்டோபஸ் பிடிக்க இறங்குவான். படகிலிருக்கும் இயந்திரம் ரப்பர் குழாய் வழியே அவனுக்குக் காற்றை அனுப்பும். அதன் அழுத்தம் காட்டும் முள்ளைப் பெண்டாட்டிதான் காவல் காக்க வேண்டும் என்பது அந்தத் துறைமுகத்து வழக்கம். கூலியாள் கண்ணயர்வான், கட்டியவள் அயரமாட்டாள் என்பார்கள்.

கல்யாணமான புதிதில் அவன் சொன்ன கணக்கை அவள் இன்னும் மறக்கவில்லை.

"பத்து மீட்டர் எறங்குனா, நகத்தளவு எடத்து மேல ஒரு கிலோ பாரம் ஏறும் புள்ள. முப்பதுல மூணு கிலோ. வானத்துக் காத்து ஒரு கிலோ, அதையும் சேத்தா நாலு."

"வானத்துக்குமா பாரம்? அப்ப நம்ம மேல இப்பவும் இருக்கா?"

"இருக்கு. முள்ளு அதைக் கணக்குலயே சேக்காது. பூஜ்யம்னு காட்டும்."

அடேயப்பா என்று அன்று தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பாரத்தையும் மீறிக் காற்று போய்ச் சேர, முள் ஆறு கிலோவில் நிற்க வேண்டும். ஆறு இருந்தால் அவளுக்கு நிம்மதி.

போன குளிர்காலத்தில் அந்த முள் இருந்த பழைய அளவி உடைந்தது. பியோங்-தே நகரத்துக்குப் போய் புதிதாக ஒன்றை வாங்கி, மறுநாள் காலையில் தானே மாட்டினான், மாட்டியதும் இறங்கிவிட்டான். அவன் முப்பது மீட்டர் ஆழம் போன பிறகுதான், அதுவரை குழாயை நீளவிட்டுக்கொண்டிருந்த தொக்-சிம் முள்ளைப் பார்த்தாள். சுழி, புள்ளி, ஆறு. அரைக் கிலோ சொச்சம்.

அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பான்.

"நிறுத்தும்மா!" படகோட்டி சாங் கத்தினார். அவரும் ஒரு காலத்தில் முக்குளித்தவர்தான். பயந்துபோன தம்பி அவரை ஒரே மூச்சில் மேலே இழுத்ததில் ரத்தத்தில் காற்று நுரைத்து, இடது கால் செத்துப்போனது. "அவனையும் என்னய மாதிரி ஆக்கப்போறியா?"

"காத்து இல்லண்ணே, செத்துப்போயிருவாரு!"

இழுத்தால் கால் போகும், விட்டால் உயிர் போகும். தொக்-சிம் குழாயை இறுகப் பிடித்தாள். விறகுக் கட்டையாட்டம் விறைப்பாக இருந்தது. அரைக் கிலோ காற்றுக்கு ஏது இந்த விறைப்பு? நீரைப் பார்த்தாள், குமிழிகள் எப்போதும்போல் கொப்பளித்துக்கொண்டிருந்தன. கயிற்றை விட்டுவிட்டாள். அந்த ஒரு முடிவை எடுக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாங் குனிந்து அளவியை உற்றுப் பார்த்தார். "கிலோன்னு போடலயே. மெகாபாஸ்கல்னு இருக்கு. இது ஒண்ணுன்னா நம்ம கணக்குக்குப் பத்து. ஆறு கிலோ சரியாத்தான் இருக்கு, உக்காரும்மா."

அவளால் உட்கார முடியவில்லை.

பியோங்-தே நின்று நின்று, நிதானமாக ஏறி வந்தான். கவசத்தைக் கழற்றியதும் சிரித்தான். "என்ன புள்ள, என்னயவே ஆக்டோபஸ்னு நெனச்சு இழுத்தியா?"

"அளவு வேறன்னு கடைக்காரன் சொன்னானா?"

அவன் சிரிப்பு நின்றது. "பத்தால பெருக்கிக்கன்னான். உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

தொக்-சிம் அளவியின் பக்கம் திரும்பினாள். சிவப்புச் சாயத்தைத் தொட்டு அந்தப் புள்ளி ஆறின் மேல் பெரிதாக 'ஆறு கிலோ' என்று எழுதினாள். பிறகு அவன் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றின் மேலும் இப்போது வானம் மட்டும்தான் இருந்தது.

"ஒரு கிலோதானே?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.