சுரைப்பூவுக்கு மாட்டிய பை

ஒரு வருடம் எங்கள் மொட்டைமாடிச் சுரைக்காய் கசந்தது. கூட்டில் ஒரு வாய் எடுத்து வைத்ததுமே துப்பிவிட்டேன். முந்தின வருடம் தித்தித்த காயிலிருந்து நானே எடுத்து வைத்த விதைதான் அது.

குற்றவாளி பக்கத்தில்தான் இருந்தது. திருமுல்லைவாயிலில் எங்கள் மாடிக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் மட்டும்தான். அக்கா அழகுக்காகக் கசப்புக் குண்டுச்சுரை வளர்த்தார். முந்தின வருடமே, சாயங்காலம் பூக்கள் விரிந்ததும் அந்துப்பூச்சிகள் இரண்டு கொடியிலும் உட்கார்ந்து மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கின்றன.

நல்லவேளை, அதற்கும் முந்தி விதைத்த பழைய தித்திப்பு விதையில் நாலு மிச்சம் இருந்தது. அதைப் போட்டேன். கொடி வளர்ந்து மொட்டு விட்டதும், மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டு ஒன்றுக்கும் பெண் மொட்டு ஒன்றுக்கும், கல்யாண வீட்டில் கொடுத்த வலைப்பைகளை மாட்டினேன்.

"இன்னாப்பா, பூவுக்குப் பை மாட்டிகினு கீற?" என்று அக்கா சிரித்தார்.

மறுநாள் பூக்கள் விரிந்ததும் ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மறுபடி பையால் மூடினேன். பிஞ்சு பிடித்தது. காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். கொடியோ சுவரைத் தாண்டி அக்கா பக்கம் இறங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அக்கா ஒரு டப்பாவோடு வந்தார். "உன் காய் எங்க பக்கம் தொங்கிச்சுப்பா. நல்லா எளசு. கூட்டு வெச்சேன்."

"சிவப்பு நூல் இருந்துச்சா, அக்கா?"

"ஆமா. கண்ணு படாம நீ கட்டினதுன்னு நெனச்சேன்."

விதைக்கான காய் அது, கொடியிலேயே முற்றிக் காய வேண்டியது என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கோ கோபம் வரவில்லை. கூட்டு அவ்வளவு ருசி.

அடுத்த ஜோடிக்குப் பை மாட்டிய மறுநாள், பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். போன் அடித்தது.

"பூ தொறந்துகிச்சுப்பா! இன்னா செய்யணும்?"

"பெண் பூவுக்கு அடியில குட்டிக் காய் இருக்கும். ஆண் பூவை அந்தப் பூவுக்குள்ள தடவிட்டு உடனே பையைப் போடுங்க."

"பூச்சி வருது, இரு!" விரட்டும் சத்தம் கேட்டது. "ஆச்சுப்பா!"

அந்தக் காய் முற்றி, காய்ந்து, உலுக்கினால் கலகலத்தது. விதையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மறு வருடம் முதல் காயை அக்கா பச்சையாகவே ஒரு துண்டு கடித்துப் பார்த்தார்.

"கசக்கலப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.