இடது பக்கத்தில் ஒரு கனம்

போன வாரம் கைப்பேசி சார்ஜ் ஏறாமல் போக, பழுது பார்க்கும் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சூடான பற்றவைப்புக் கோலால் ஈயக்கம்பியைத் தொட்டதும் ஒரு சின்னப் புகை எழுந்து என் மூக்கைத் தேடி வந்தது. பிசின் கருகும் வாசனை. எவ்வளவு நேரமாகும் என்று கேட்க வாயெடுத்தவன் கேட்காமலே இருந்துவிட்டேன். எழுபதுகளில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வாசனைதான்.

அப்போது நான் பாலக்காட்டில் குமாஸ்தா, கல்பாத்தியில் ஒரு மாடியறையில் வாசம். நாலு வீடு தள்ளி சேஷன் அண்ணா இருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, மனைவி பார்வதி மன்னி, தவழ்ந்து முடித்து அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த பெண் குழந்தை கமலா. இவர்களைத் தவிர அவருக்கு ஒலி என்று ஒன்று இருந்தது. பாட்டு என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். பாட்டு எதுவாயிருந்தாலும் அவருக்குச் சம்மதம்தான். அது ஸ்பீக்கரை விட்டு எப்படி வெளியே வருகிறது என்பதில்தான் அவருடைய உயிர் இருந்தது.

அந்த ஒலியை உண்டாக்கித் தருபவர் மாரப்பன். கொழிஞ்சாம்பாறைக்காரர், கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுபவர். வாரமெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர்க் காதைக் கிழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சேஷன் அண்ணா வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் காது அத்தனை மென்மையாகிவிடும். ஒரு துணுக்குக் கம்பியை மாற்றிப் பற்றவைத்துவிட்டு, புகை அடங்குவதற்குள், "இப்பக் கேளுங்க சாமி" என்பார்.

ஆரம்பத்தில் நாங்கள் ஒழுங்காகத்தான் இருந்தோம். கரகரப்பு இருந்தால் கரகரப்பு, இல்லாவிட்டால் இல்லை. பம்பாயிலிருந்த அண்ணாவின் மைத்துனர் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளை அனுப்பத் தொடங்கியபோது எல்லாம் கெட்டது. ஒலியைப் பற்றியே எழுதுகிற பத்திரிகைகள். அதில் ஒருவர் ஒலியைப் பட்டு என்கிறார், இன்னொருவர் பழைய மது என்கிறார். அண்ணா அகராதியும் கையுமாக அதைப் படித்தார். மது எங்களுக்குத் தெரியாது, மோர்க்குழம்பு தெரியும். பிறகு கேட்க வேண்டுமா?

"வயலின் பச்சை நேந்திரங்காயோட தோலை உரிச்சாப்ல இருக்கு, கேட்டயா" என்பார் அண்ணா.

"ஆமாங்க சாமி. மிருதங்கம் களிமண்ணாட்டம் அப்பிக்குதுங்க" என்பார் மாரப்பன். இரண்டு தடவை பற்றவைத்துவிட்டு, "இப்பப் பாருங்க, மண்ணு காஞ்சு வெடிச்சாப்புல தெளிஞ்சிருச்சுங்க."

எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தைரியமில்லை. ஞாயிறு காலை குளிக்கும்போதே இரண்டு மூன்று உவமைகளைத் தயார் செய்துகொண்டு போவேன். மலம்புழை அணை திறந்த அன்று வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். "முதல் தண்ணி... கொஞ்சம் செத்தையும் சேந்து வரது, இல்லையா?" செத்தையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பலமாகத் தலையாட்டினேன். வேலை நிரந்தரமான அன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை.

இந்த வியாதி வீட்டுக்கும் வந்தது. அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் எப்படி என்று அம்மா கேட்டபோது, "மேலே கொஞ்சம் கூர்மை, ஆனா நடுவுல நல்ல சதை" என்றேன். அந்தப் பெண்ணின் குரலைச் சொன்னேன், வேறொன்றுமில்லை. அம்மா மறுநாளே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மேட மாதத்து, நம் சித்திரையின், ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மாரப்பன் புதிதாகச் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் வேனில் கொண்டுவந்திருந்தார். அறையின் இரண்டு மூலையிலும் அவற்றை வைத்து, இசைத்தட்டைச் சுழலவிட்டு, நடுநாற்காலியில் இருந்த அண்ணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "இடது பக்கம் ஒரு கனம்" என்றார்.

"எனக்கும் பட்டுதுங்க" என்றார் மாரப்பன் உடனே.

"அடில பிடிச்சு அமுக்கறது. கல்லுரலைத் தூக்கி வெச்சாப்ல."

"கல்லுரலு!" மாரப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா, சாமி வாயில வாற வார்த்தைய!"

மாரப்பன் இடது பெட்டியின் முதுகைக் கழற்றிப் பஞ்சு அடைத்தார். குறைந்ததா என்று கேட்டார். அண்ணா இல்லை என்று தலையசைத்தார். "தோள் வரைக்கும் இழுக்கறது" என்றார். ஒலி அகலமாகப் பரவுவதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். அவருக்கு வேர்த்திருந்தது. எங்கள் எல்லோருக்கும்தான் வேர்த்திருந்தது.

மாரப்பன் கம்பிகளைப் பக்கம் மாற்றி முடுக்கினார். "இப்ப அந்தக் கனம் வலப்பக்கம் போயிருக்கோணும். போயிருச்சுங்களா?"

"இல்லை. இடதுலதான்."

"அப்பப் பெட்டியில இல்லீங்க. ஊட்டுச் சொவத்துலதான் கோளாறு."

இரண்டு பேருமாக மர அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். நகர்த்தும்போதுகூட, கல்லுரலுக்கு மேலே சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் என் மனசு தேடிக்கொண்டிருந்தது. தட்டு முடிந்து முள் சும்மா உராயத் தொடங்கியது. மாரப்பன் எல்லாவற்றையும் அணைத்தார்.

"இன்னும் இருக்கு" என்றார் அண்ணா.

பாட்டு நின்ற அறையில் அந்தச் சொல் விழுந்தது. மாரப்பனின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. அதே சமயம் மன்னி காபியோடு உள்ளே வந்தாள். ஒரே பார்வைதான். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். "ஏன்னா, என்ன பண்றது ஒங்களுக்கு?"

"நெஞ்சு வலிக்கறது" என்றார்.

குழாய் ஸ்பீக்கர்களையும் கம்பிச் சுருள்களையும் வேனிலிருந்து தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவரைப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் குனிந்து, வலி எந்த மாதிரி என்று மலையாளத்தில் கேட்டார். குத்துகிற மாதிரியா, அமுக்குகிற மாதிரியா? நானும் மாரப்பனும் அண்ணாவின் வாயைப் பார்த்தோம். "வேதனை" என்றார் அவர், மலையாளத்தில் வலிக்கு அதுதான் சொல். டாக்டர் மறுபடி கேட்டார். அதற்கும் "வேதனை" என்றுதான் சொன்னார். கல்லுரலை நான் சொன்னேன், தோளையும் சொன்னேன். எப்போதிலிருந்து என்று டாக்டர் என்னிடம் கேட்டார். முதல் தட்டு போட்டதிலிருந்து என்றேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் அதை வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வராந்தாவில் மாரப்பன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நான் பஞ்சு வெச்சுட்டு இருந்தேனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்திருப்பார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு மன்னி எங்களைக் கூப்பிட்டனுப்பினாள். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் கூடவே இருந்தேளே. கடைசியா என்ன பேசிண்டிருந்தார்?" என்று கேட்டாள். மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எடது பக்கம் கனமா இருக்குதுன்னாருங்க" என்றார். "அப்பறம்?" என்றாள் மன்னி. அப்பறம் நாங்கள் அலமாரியை நகர்த்தினோம். அதை இரண்டு பேரில் யார் சொல்வது? எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செரி, காபி குடிச்சுட்டுப் போங்கோ" என்று உள்ளே போனாள்.

சீக்கிரமே எனக்கு உடும்பஞ்சோலைப் பக்கம் மாற்றலாகியது. மலையில் ஏலக்காய் வாசனையும் மூடுபனியுமாகச் சில வருஷங்கள் போயின. மாரப்பன் மைக் செட்டை விற்றுவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது அவரும் இல்லை, மன்னியும் இல்லை. அந்த வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் கல்பாத்தித் தேருக்குப் போயிருந்தபோது, நரை ஓடிய ஒரு அம்மாள், யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, வந்து நிறுத்தினாள். கமலா. கொஞ்சம் ஊர்க்கதை பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமா, அப்பாவோட கொரல் எப்படி இருக்கும்? நேக்கு ஞாபகமே இல்லை."

மாரப்பனிடம் டேப் ரெக்கார்டர்கூட இருந்தது. நாதஸ்வரத்தைப் பதிவு செய்திருக்கிறோம், ஓட்டின் மேல் விழும் மழையை, ஒலவக்கோட்டு ரயிலை, ஒரு தடவை மன்னி தேங்காய் துருவுவதைக்கூட. அண்ணா பேசுவதைப் பதிய எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் பேசினால், அவர் பேச்சு முடியட்டும் என்று நாடாவை நிறுத்திவிடுவோம்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் தேர் திரும்ப முடியாமல் நின்றிருந்தது.

"ரொம்ப உரக்கப் பேசமாட்டார்" என்றேன்.

தலையாட்டினாள். அப்புறமும் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.