ஐந்து வகைப் பெண்களும் என் முன்னறையும்

சாதாரண தரம் வரை படித்தவள் நான். அதிலும் கணிதம் தேறவில்லை. நாவல்களில் வரும் பெண்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்பது எனக்கே தெரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், எல்லாரும் படிக்கும்படி எழுதத் துணிந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பதினான்கு வயதிலிருந்து நாவல் படிக்கிறேன். என் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

படித்ததை ஒரு கொப்பியில் குறித்து வைப்பேன். கதையை அல்ல, கதையில் வரும் பெண்ணை. முதல் கொப்பி சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது போய்விட்டது. இப்போது இருப்பது இரண்டாவது. கொஞ்ச நாவல்கள் படித்ததுமே, வேறு வேறு பெயரில் அதே பெண்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. எல்லாவற்றையும் பொறுத்துப்போகிற மருமகள் ஒருத்தி. போனவன் வருவான் என்று காத்திருக்கிறவள் ஒருத்தி. ஊரை எதிர்த்து வெளியேறி, கடைசிப் பக்கத்துக்கு முன் செத்துப்போகிறவள் ஒருத்தி. பிறகு, எந்நேரமும் குறை சொல்கிற அந்த மாமியார். பிறகு, உள்ளதையெல்லாம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மூலையில் உட்காருகிற தாய். ஒவ்வொருத்திக்கும் சில பக்கங்களை ஒதுக்கி, நாவலின் பெயரை அதன் கீழ் எழுதுவேன். எதிலும் சேராதவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. அது இன்னும் நிரம்பவில்லை.

இந்த வகைகளை நம்பி ஒரு தடவை ஏமாந்தும் இருக்கிறேன். நான் படித்தவை பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு நாவல்கள். அவற்றில் பெண் அழுதுகொண்டு மாமியார் வீட்டுக்குப் போவாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். இதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் என் கல்யாணத்தின்போது, பொறுத்துப்போகிற மருமகளாக இருக்க வேண்டும் என்று மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். வந்து இறங்கிய மனிதரோ, குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் தாகத்தோடு இருந்தவர். இரண்டு வீதி தள்ளி இருந்த அவருடைய தாய், என் மாமி, வெள்ளிக்கிழமைகளில் மீன்கறி கொண்டுவருவார். நான் தலையைக் குனிந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, சுவரோடு ஒட்டி நிற்பேன். பணிவு என்று நினைத்து அப்படிச் செய்தேன். "சீதன வீட்டுக்காரிக்கு எவ்வளவு பெருமை. இரிங்க மாமி எண்டு ஒரு சொல்லு வரல்ல" என்று மாமி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வர ஒரு வருடம் எடுத்தது.

கணவர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருடமாகிறது. எங்களுக்கு ஒரே மகள். ஒலுவிலுக்குப் பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறாள். சென்ற மாதம் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. சம்மாந்துறைப் பொடியன், கணித ஆசிரியர். என் உம்மா எனக்குத் தந்த வீட்டை நான் மகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை பின்னேர வகுப்பு நடத்த முன்னறை வேண்டும் என்று அவர்கள் பக்கம் கேட்டார்கள். என் இரண்டு அலுமாரிப் புத்தகமும், யன்னலோரக் கதிரையும் இருப்பது அந்த அறையில்தான்.

சம்பந்தத்தை முன்னின்று நடத்தியவர் என் ராத்தா. உடன்பிறந்தவர், எனக்கு எட்டு வயது மூத்தவர். "நீ பின்னுக்குக் குசினியோட ஒரு அறையப் போட்டுக்க புள்ள. நம்மட உம்மாவும் அப்படித்தானே இருந்தா" என்றார்.

"ஓம் ராத்தா" என்றேன்.

"புத்தகத்த என்ன செய்யப்போற?"

"பார்ப்பம்."

"பார்க்க என்ன இரிக்கி. பள்ளிக்கூடத்துக்குக் குடு. நன்மையாவது கிடைக்கும்."

அதற்கும் ஓம் என்றுதான் சொன்னேன். வியாழக்கிழமை நொத்தாரிசிடம் போய், வீட்டுப் பத்திரமான உறுதியை எழுதி முடிப்பதாக நாள் வைத்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஒப்படையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தமிழ் நாவல்களில் பெண் தொல்படிமங்கள் என்பது தலைப்பு. தலைமுறை தலைமுறையாக மனிதர் மனதில் கிடக்கிற அச்சுகள் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். என் கொப்பியில் இருந்த அதே ஆட்கள்தான், பெரிய பெயர்களோடு வந்திருந்தார்கள். கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

"வாசிக்கிறன், பிழை இருந்தா சொல்லுங்க உம்மா."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வாசித்தாள். கொடுக்கும் தாயைப் பற்றிய பகுதியில், இந்தத் தாய்க்குத் தனக்கென்று ஒரு விருப்பமும் கிடையாது, கொடுப்பதே அவளுடைய நிறைவு என்று எழுதியிருந்தாள்.

"அது பிழை" என்றேன்.

"எந்த நாவல்ல வேற மாதிரி வருது? பேரச் சொல்லுங்க, சேர்க்கிறன்."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாவலும் நினைவுக்கு வரவில்லை.

"நாவல்ல இல்ல. எனக்கு அந்த முன்னறை வேணும்."

மகள் தாளை மடியில் வைத்தாள். "அண்டைக்கு ராத்தாம்மாக்கு ஓம் எண்டு சொன்னீங்களே."

"சொன்னதான்."

"நான் கேட்டப்பவும் 'அறை எனக்கு என்னத்துக்கு, மகள்' எண்டீங்க."

"அதுவும் சொன்னதான்."

"இத வாயத் திறந்து சொல்ல உங்களுக்கு என்ட ஒப்படை வேண்டியிருக்கி" என்றாள். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுந்து வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குப் போய் மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தாள். பேசி முடித்தவர்கள் பெரியவர்கள்; உறுதிக்கு முதல் நாள் பெண்ணே அழைத்துக் கதைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. சம்பந்தம் முறிந்துபோனால் அதற்குக் காரணம் ஒரு கதிரையும் இரண்டு அலுமாரியும்தான் என்று ஊர் சொல்லும். கீரையில் நல்ல இலைகளையும் குப்பையோடு போட்டுவிட்டேன்.

திரும்பி வந்து, "வளவுல கொட்டில் போட்டு வகுப்பு வெக்கலாமாம். பொடியனுகள் வீட்டுக்குள்ள சத்தம் போடுறது அவருக்கும் விருப்பமில்லையாம். அவங்கட உம்மாக்குத்தான் சொல்லோணுமாம்" என்றாள்.

இரவு இஷாத் தொழுகைக்கு முன் ராத்தா வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது.

"என்னகா இது? பேச்சு முடிஞ்ச பொறகு புதுசா ஒரு கதை. மாப்பிள்ளைட உம்மாட முகத்துல நான் எப்படி முழிக்கிற?"

"வீட்ட முழுசா எழுதுறன் ராத்தா. அந்த அறை மட்டும் என்ட சீவியம் முடியிற வரைக்கும் எனக்கு."

"நம்மட உம்மா ஒரு நாளாவது இப்படிக் கேட்டாவா?"

"கேக்கல்ல. அவக்கு வேணாம் எண்டு நமக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகம் படிச்சவ சொன்னாச் சரிதான். நாளைக்கு நான் வரல்ல" என்று சொல்லி ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடியும் ஓம் என்று சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நொத்தாரிசிடம் போனோம். வீடு மகளுக்கு என்றும், முன்னறையின் சீவிய உரித்து எனக்கு என்றும் உறுதியில் எழுதினார். கொட்டில் போடும் செலவு யாருக்கு என்று மட்டும் மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். ராத்தா வராததால், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்து வைத்தார்.