அம்மாவுக்குச் சொன்ன மலை

மலையை வைத்துக்கொண்டு நாவல் எழுத முடியவில்லை என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் அதுதான் நடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் என் முதல் நாவலைத் தொடங்கி, முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கதை நன்றாகத்தான் கிளம்பும். பேருந்து நிலையம் வரும், பூக்கட்டுகிறவர்கள் வருவார்கள், ஒருத்தி மண்ணெண்ணெய் கேனோடு தெருமுனை திரும்புவாள். திரும்பியதும் எதிரே மலை நிற்கும். அவ்வளவுதான், அடுத்த வரியில் என் பேனா கும்பிடு போட்டுவிடும். தலபுராணம் மாதிரி ஒரு பத்தி வரும். அதை அடித்துவிட்டு அடக்கி எழுதினால் பேருந்து நிலையத்தில் விற்கிற யாத்திரை வழிகாட்டி மாதிரி வரும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எதைப் பிடிக்கப் போனாலும் பிள்ளையாரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

கோபத்தில் ஒருநாள் மலையை எடுத்துவிட்டேன். ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. கோயில் இருந்தது, குளம் இருந்தது, சந்தை இருந்தது, மலை மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் ஒரு மாதத்துக்குச் சுகமாக இருந்தது. பேனா ஓடியது. பிறகு என் ஆட்கள் ஒவ்வொருவராகத் தொலைந்துபோக ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் கிழக்கு மேற்கு வேண்டாம். "மலைக்கு நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்றால் போதும். அது இல்லாத ஊரில் என் நாயகி வீட்டுக்கு எப்படிப் போவாள் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே சந்தில் மூன்று முறை நடக்கவிட்டேன். நாவல் அப்படியே நின்றுபோனது.

அப்போது நாங்கள் வேங்கிக்காலுக்குக் குடிவந்து சில வருடம் ஆகியிருந்தது. தனி மாவட்டமான பிறகு அலுவலகங்கள் அந்தப் பக்கம் வர, வயல்களெல்லாம் கல் நட்டு மனைகளாகிக்கொண்டிருந்தன. எனக்கும் அங்கேதான் அலுவலக வேலை. ஒரு மனையில் சின்னதாக வீடு கட்டியிருந்தோம். நான், என் மனைவி, அம்மா. அம்மாவின் அறைக்கு ஒரே ஜன்னல், அதில் நேராக மலை. அவள் அதற்காகவே அந்த அறையை எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்து பல் துலக்கி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல் வாய் காபி. பிறந்தது அடி அண்ணாமலையில், மலையின் மேற்குப் பக்கம். அங்கே வாசலுக்கு வந்தாலே மலைதான். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுத்தான் குடித்திருக்கிறாள். இதை அவள் விரதம் என்றெல்லாம் சொன்னதில்லை. "பாக்காம எப்பிடி எறங்கும்?" என்பாள், அவ்வளவுதான்.

பக்கத்து மனையை டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வாங்கினார். அவர் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் கடை. முதலில் தரைத்தளம் கட்டினார்கள். ஜன்னலில் பாதி மலை போனது. அம்மா மீதிப் பாதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மாடி எழும்பியது. அது பூச்சு வேலைக்கு வந்த சமயம்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவளைக் கட்டிலில் படுக்க வைத்தோம். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். சிமென்ட் சுவர்.

"பாயி வூடா கட்டினாரு? மலைக்குக் குறுக்க அணையில்ல கட்டியிருக்காரு" என்றாள்.

மறுநாள் காலை காபியைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கினாள். வாசலில் உட்கார வைத்தாலும் அந்தச் சுவர்தான் தெரியும், மொட்டைமாடிக்கோ இரும்பு ஏணிதான். அதில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. என் மனைவி கீழ்பென்னாத்தூர் பள்ளியில் ஆசிரியை, காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போகிற அவசரத்தில் அவள்தான் வழி சொன்னாள். "உங்க புள்ள ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும் அத்தை. அவரு பாத்தா நீங்க பாத்த மாதிரிதான?"

அம்மா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். "ஆனா நெசமா பாத்துட்டு வந்து சொல்லணும். சாமி விஷயம்."

இப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. தினமும் ஏணி ஏறி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேடைமேல் நின்றால், பாய் வீட்டுச் சுவரைத் தாண்டி மலை தெரியும். பார்த்துவிட்டு இறங்கி, கட்டிலருகே நின்று சொல்ல வேண்டும். முதல் நாள் "தெரியுதும்மா, நல்லா இருக்குது" என்றேன். காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா நல்லா இருக்குது? கல்யாணச் சாப்பாடா?"

உச்சியில் மேகம் இருக்கிறதா, வெயில் எது வரைக்கும் இறங்கியிருக்கிறது, பச்சை ஜாஸ்தியா கம்மியா, எல்லாம் வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொல்லக் கூடாது. "நேத்து சொன்னதையே சொல்றியே, ஏறினியா இல்லயா?" என்று கேட்பாள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை அப்படி வாட்டியதில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் மலை அடிவரைக்கும் மேகத்துக்குள் போய்விட்டது. ஈரத் தலையோடு இறங்கி வந்து, "இன்னிக்கி மலை இல்லம்மா" என்றேன்.

"வாயக் கழுவு. மலை எங்க போவும்? தெரியலன்னு சொல்லு. இல்லன்னு சொல்லாத."

அன்றைக்குக் காபியைக் குடித்தாள். நான்தான் அலுவலகத்தில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாவலிலிருந்து மலையை எடுத்தபோது நான் செய்த தப்பு அதுதானோ என்று பட்டது. மலை இல்லை என்று எழுதியிருந்தேன். தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். அன்று மாலை ஒரு பத்தி எழுதினேன். தெருவில் மலை கிடையாது, ஆனால் வாசல் தெளிக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே திசையில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். அவ்வளவுதான் எழுதினேன். என் நாயகிக்கு வீட்டுக்கு வழி தெரிந்துவிட்டது.

பாறை வந்தது அடுத்த கோடையில். கோடையில் மலைமேல் புல் பற்றி எரியும். எரிந்த இடம் கருப்புத் திட்டாக, கற்கள் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் தூக்கம் கெட்ட ஒரு காலையில் எனக்கு ஏணி ஏற அலுப்பாக இருந்தது. ஏணியடியில் நின்று ஒரு பீடி குடித்துவிட்டு உள்ளே போனேன். புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

"புல்லு எரிஞ்சதுல ஒரு பாறை வெளிய வந்திருக்குதும்மா. சரிவுல, வலது பக்கமா. அடுப்புமேல சட்டியக் கவுத்து வெச்ச மாதிரி."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க ஊர்ப் பக்கம் அப்பிடி ஒண்ணு இல்லியே. இந்தப் பக்கம் இருக்கும்போல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு காபியைக் குடித்தாள்.

தலை தப்பியது என்று நினைத்தேன். மறுநாள் மேகத்தையும் வெயிலையும் சொல்லி முடித்ததும், "பாறை எப்பிடி இருக்குது?" என்றாள். பிறகு தினமும் கேட்டாள். மழை வந்தால் அது நனைந்ததா, புல் மறுபடி முளைத்து மூடிவிட்டதா, அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது. நானும் ஈடுகொடுத்தேன். அதில் ஒரு பக்கம் விரிசல் விட்டது என் கைங்கரியம். விரிசலில் ஒரு ஆலங்கன்று முளைத்ததும் அப்படித்தான். ஏணி ஏறாத நாட்களும் மெல்லக் கூடின. ஏறாவிட்டால் அன்றைக்குப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுவேன்.

அந்தப் பாறை நாவலுக்குள் எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வந்ததும் கதை அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. என் நாயகி அங்கே போய் அழுதாள். இரண்டு குடும்பங்களின் பஞ்சாயத்து அதன் நிழலில் நடந்தது. வேங்கிக்கால் ஏரியைத் தூக்கி அதன் கீழே வைத்தேன். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, வேர்க்கடலைதான், காயவைக்கிற களத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டேன். ஒன்றும் உறுத்தவில்லை. நிஜமான மலையின் ஒவ்வொரு கல்லுக்கும் ஏற்கெனவே ஒரு சாமியாரோ கதையோ சொந்தம் கொண்டாடும். எனக்கு அதில் உட்கார இடம் இல்லை. இந்த ஒரு கல்லை மட்டும் யாரும் பார்த்ததில்லை, கும்பிட்டதில்லை. ஒரு கல் பொய்யானதும் மற்றதெல்லாம் என் சொல்லைக் கேட்டன. ஊரைக் கதையாக்குவதற்கு ஊரையே மாற்ற வேண்டியதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் பொய் சொல்கிறோம் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனது.

அதை ஞாபகப்படுத்தியவர் பாய் வீட்டு அக்கா, பாயின் மனைவி. இடுப்பு சரியாகக் கூடாமல் அம்மா அடுத்த பங்குனியிலும் கட்டிலில்தான் கிடந்தாள்; ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். என் மனைவி பேச்சுவாக்கில் அவரிடம் காபி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு முகமே சரியில்லை.

"எங்க மாடியாலதான் உங்களுக்கு மலை மறைஞ்சிடுச்சின்னு எனக்குத் தெரியாதும்மா. முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க மாடி ஜன்னல்ல முழுசா தெரியுது. கடை ஆளுங்களை வரச் சொல்லியிருக்கேன், நாற்காலியோட தூக்கிடுவாங்க. வாங்க."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், எனக்கு இருந்தது. பங்குனி, புல்லெல்லாம் எரிந்து மலை மொட்டையாக நின்றது. ஒரு கல்லைக்கூட மறைக்க வழியில்லை. பாறை இல்லை என்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். எத்தனையோ காலைகளில் மலையைப் பார்க்காமலே அவளைக் காபி குடிக்க வைத்திருக்கிறேன். சாமி விஷயம் என்று சொல்லித்தான் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தாள்.

"மாடிப்படி செங்குத்தா இருக்கும்மா, இடுப்புக்கு ஆவாது" என்றேன்.

"இன்னாங்க நீங்க, பெத்த புள்ளயே வேணாங்கிறீங்க?" என்றாள் மனைவி.

தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டு மாடி அறையில் ஜன்னலைத் திறந்து அதன்முன் நாற்காலியை வைத்தார்கள். நான் மலையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். அழுதாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உச்சியிலிருந்து பார்வையை மெல்ல இறக்கினாள். அது சரிவில் வந்தது, வலது பக்கம் போனது, அங்கேயே நின்றது. திரும்ப வந்தது, மறுபடி அங்கேயே போனது.

"தெரியுதாம்மா?" என்றார் அக்கா.

"நல்லா தெரியுதும்மா. நீ நல்லா இருக்கணும்" என்றாள் அம்மா. அக்கா கொடுத்த டீயை முழுவதும் குடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏணி ஏறினேன். வெகுநேரம் தொட்டி மேடைமேல் நின்று, ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன். அம்மா தலையணையில் சாய்ந்து, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி காத்திருந்தாள். மேகம் இல்லை, வெயில் பாதிவரை இறங்கிவிட்டது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"பாறை எப்பிடி இருக்குது?"

"அம்மா, அந்தப் பாறை வந்து..."

"இன்னா, தெரியல, அவ்ளோதான?" என்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "தெரியலன்னா இன்னா? சொல்லு. காபி ஆறுது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பாய் வீட்டுச் சுவர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"விரிசல் பக்கம் நிழல் விழுந்திருக்குதும்மா. ஆலங்கன்னு ரெண்டு இலை விட்டிருக்குது. மேல ஒரு ஆடு ஏறி நிக்கிது."

"வெள்ளாடா, செம்மறியா?"

"வெள்ளாடு" என்றேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு காபியைக் குடித்தாள்.