மாமிக்குப் பஞ்சி பிடித்த மாதம்

காலை ஐந்தே முக்கால் மணி. முதலில் கண்ணில் பட்டது, இறைப்பு மிசினை மூடியிருந்த சாக்கு. அதன்மேல் ஒரு காகம் இருந்தது. அன்று மாமியின் முறை. வழக்கமாக அந்த நேரத்துக்குள் மிசின் ஓடத் தொடங்கிப் பாதி வாய்க்கால் நனைந்திருக்கும். காகம் அந்தப் பக்கமே வராது.

சண்டிலிப்பாயில் எங்களுடையது பங்குக் கிணறு. பங்காளிகள் மூன்று பேர்: பெரியப்பா, அப்பா, இருவருக்கும் தங்கையான மாமி. காணியை மூன்றாகப் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாததால் நாட்களைப் பிரித்தார்கள். முதல் நாள் மாமி, அடுத்த நாள் பெரியப்பா, அதற்கடுத்த நாள் அப்பா, பிறகு மறுபடி மாமி. மிசின் பொது. மண்ணெண்ணெய் அவரவர் கானில் கொண்டுவர வேண்டும். ஒருவருடைய முறையில் மற்றவர் குடிக்க ஒரு வாளி அள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அயலவனின் கோழியைப் பிடித்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். அயலவனின் முறையில் இறைத்தவனை அவனுடைய பேரப்பிள்ளைகளின் கலியாணத்திலும் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்த வருடம் வெயில் நீண்டுவிட்டது. பெரியப்பாவும் அப்பாவும் வெங்காயம் நட்டு, இறைத்துக்கொண்டிருந்தார்கள். தாள்களின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குறைவால் வந்த கருகல் அல்ல, தண்ணீரால் வந்தது. கிணற்றை ஒட்ட ஒட்ட இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் மேலேறும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தான் குறைத்து இறைத்தால் மிச்சத்தை அடுத்தவன் இறைத்துவிடுவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் குறைத்து இறைக்கவில்லை.

உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வேலை என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது. பெரியப்பாவின் நாக்கு சுருட்டால் செத்திருந்தது, அப்பாவினுடையது வெற்றிலையால். மாமிக்கு நல்ல நாக்கு, ஆனால் அவர் பங்காளி. பங்குள்ளவரின் நாக்கை மற்றப் பங்காளிகள் நம்பமாட்டார்கள். ஒரு திவசத்தன்று, அம்மா வைத்த சாம்பாரில் உப்புக் கூட என்று பந்தியில் உரக்கச் சொல்லி அடி வாங்கியவள் நான். அதிலிருந்து பெரியப்பா என் நாக்கை நம்பினார். தினமும் காலையில் ஒரு வாளி அள்ளி, ஒரு கை குடித்து, தீர்ப்புச் சொல்வேன்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கதைபேச்சு இல்லை. ஒரு கலியாணவீட்டில் யாரை முதற்பந்தியில் இருத்தினார்கள் என்பதில் தொடங்கியது. இருவருக்கும் இடையில் கதை போவதென்றால் என் வழியாகத்தான் போகும். இரண்டு முழ இடைவெளியில் நின்றாலும் அப்படித்தான்.

அந்தக் காலையில் நான் மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி முற்றத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தார். தோட்டத்தில் அவருடைய பங்கு கொத்திப் பாத்தி கட்டித் தயாராகக் கிடந்தது. நடவேண்டிய விதைவெங்காயம் பிடி பிடியாகக் கட்டி வீட்டுக் கூரை வளையில் தொங்கியது.

"மாமி, இண்டைக்கு உங்கடை முறையெல்லே?"

"ஓம்."

"இறைக்கேல்லையோ?"

"எனக்குப் பஞ்சியாக் கிடக்குப் பிள்ளை. கொப்பரும் பெரியப்பரும் கேட்டால் அப்படியே சொல்லு."

பஞ்சி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல், கொப்பர் என்றால் உன் அப்பா. மாமி விடியுமுன் எழுந்து, மாட்டுக்குப் புல் வெட்டி, வேலியடைத்து, சுன்னாகம் சந்தைக்குச் சைக்கிளில் கத்தரிக்காய் மூட்டை கொண்டுபோகிறவர். நான் அந்தப் பதிலை நம்பினேன். பெரியவர்களுக்கும் சோம்பல் வரலாம் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மற்றவர்கள் நம்பவில்லை.

"பஞ்சியோ? உவளுக்கோ?" என்று பெரியப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "கொப்பரோடை ஏதோ கதைச்சு வைச்சிருக்கிறாள். தன்ரை முறையை அவருக்குக் குடுத்திட்டாள்."

அப்பா கொஞ்சமும் வித்தியாசமில்லாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னார்: "அண்ணருக்கு விட்டுக்குடுத்திட்டாள். இருந்து பார், பத்து மணிக்கு அவர் கானும் கையுமா வருவார்."

அதன் விளைவாக, மாமி இறைக்காத நாட்களில் இரண்டு பேரும் கிணற்றடியில் காவல் இருந்தார்கள். பெரியப்பா ஒரு வரம்பில் பூவரசுக்குக் கீழே. அப்பா எதிர் வரம்பில் குடைக்குக் கீழே. மற்றவரின் மண்ணெண்ணெய்க் கான் வருகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருவருடைய கானும் அவரவர் வீட்டில் இருந்தது. ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "அண்ணை, கிணறு ஓடிப்போகாது, வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ" என்றார். யாரும் அசையவில்லை. கிணறு அன்று முழுக்கச் சும்மா கிடந்தது. மாமியின் முறை திரும்ப வந்தபோதும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே.

மாமி அந்த நாட்களில் கிணற்றடிக்கே வரவில்லை.

என் நாக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. "கரிக்குது" என்று சொல்லிவந்தவள் "கொஞ்சம் கரிக்குது" என்றேன். பிறகு ஒரு காலையில் குடித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னும் ஒரு கை குடித்தேன். பெரியப்பா குனிந்து என் வாயையே பார்த்தார். வெங்காயத்தில் கருகாத புதுத்தாள் வந்திருந்ததை அவரும் கண்டிருந்தார். ஆனால் அதை என்னிடம் சொல்லவில்லை.

நல்ல செய்தி கிணற்றில் இருந்தது, கெட்ட செய்தி மாமி வீட்டு வளையில். விதைவெங்காயம் முளைவிடத் தொடங்கிவிட்டது. முளை நீண்டு சுருங்கியது விதைக்கு ஆகாது. கழிந்ததை மாமி எங்கள் வீட்டுக்குக் கறிக்குக் கொடுத்தனுப்பினார். அம்மா அந்தப் பையை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு அப்பா காதில் விழும்படி, "மச்சாளின்ரை இந்தப் போகம் எங்கடை சட்டிக்குள்ளை வேகுது" என்றார். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வெளியே போனார்.

அடுத்த முறையன்று மாமி வந்தார். மிச்சமாயிருந்த விதையைக் கடகத்தில் கொண்டுவந்தார். காவலிருந்த இரண்டு அண்ணன்மாரையும் ஒருமுறை பார்த்தார்.

"உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, சாக்கை உருவி, கயிற்றைச் சுற்றி மிசினை இழுத்தார். பாத்தி பாத்தியாக நனைத்து, கொண்டுவந்த விதை முழுவதையும் நட்டு முடித்தார். மாலையாகும்போது கிணற்றில் தண்ணீர் பழையபடி அடியில் கிடந்தது.

மறுநாள் பெரியப்பாவின் முறை. கானோடு வந்தார். என்னைக் குடிக்கச் சொன்னார்.

"திரும்பக் கரிக்குது, பெரியப்பா."

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். தன் வெங்காயத்தைப் பார்த்தார். மாமி நட்ட புதுப்பாத்திகளைப் பார்த்தார். சுருட்டு முடியும்வரை நின்றார். பிறகு மிசினைச் சாக்கால் மூடிக் கானைத் தூக்கினார்.

"கொப்பரிட்டைச் சொல்லு, எனக்கு இண்டைக்குப் பஞ்சியாக் கிடக்கெண்டு."

நான் போய்ச் சொன்னேன். அப்பா, "என்ன, ஊரெல்லாம் பஞ்சியோ?" என்றார். ஆனால் காவலுக்குப் போகவில்லை.

அதற்கடுத்த நாள் அப்பாவின் முறை. நாங்கள் கிணற்றடிக்குப் போனபோது பெரியப்பா கானோடு அங்கே நின்றார். பிறர் முறையில் கானோடு வந்து நிற்கும் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. அப்பா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் நேற்று இறைக்கேல்லை எண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

"எனக்குக் கண் தெரியுமெண்டு பெரியப்பரிட்டைச் சொல்லு."

"என்ரை வெங்காயம் வாடுது எண்டு சொல்லு."

அப்பா மண்வெட்டியின் பிடியைக் கையால் தேய்த்துக்கொண்டு நின்றார். அவர் வேண்டாம் என்றிருந்தால், பெரியப்பா திரும்பிப் போயிருப்பார். அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் யாரும் ஒரு முறையையும் விட்டிருக்கமாட்டார்கள். தண்ணீர் என் நாக்கில் கரித்துக்கொண்டே போயிருக்கும்.

"இறைக்கச் சொல்லு" என்றார் அப்பா. "நான் நாளைக்கு இறைக்கிறன்."

"நாளைக்கு மாமியின்ரை முறையெல்லே?" என்றேன். எனக்குச் சட்டம் முக்கியம்.

"அவளுக்குச் சொல்லிவிடு."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். "ஓம், இறைக்கட்டும். நான் நாளையிண்டைக்கு இறைக்கிறன்" என்றார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது மிசின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்குத் தண்ணீர் மாற, அதாவது ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை அடைத்து அடுத்த பாத்திக்கு வெட்டிவிட, அன்று ஆள் வரவில்லை. அப்பா தன்னுடைய மண்வெட்டியோடு பெரியப்பாவின் வெங்காயத்துக்குள் இறங்கி நின்றார். பெரியப்பா மிசினடியிலிருந்து, "அந்தக் கரைப்பாத்திக்குக் கூட விடு" என்று சத்தம் போட்டார். அப்பா "ஓம் அண்ணை" என்றார். மிசின் சத்தத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வசதியில்லாமல் போயிருக்கலாம்.

மாமி நட்ட மறுநாள் மிசின் ஓடவில்லை, அவருடைய அடுத்த முறையின் மறுநாளும் ஓடவில்லை; நான்கு நாளுக்கு ஒரு நாள் கிணறு சும்மா கிடந்தது. இப்படியே இருக்கட்டும் என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கூட்டம் கூடவில்லை. இரண்டு வீட்டு வெங்காயமும் பிழைத்தது. மாமிக்கு நட்ட அளவுக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர் பழைய ருசிக்குத் திரும்பியது. அம்மா முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சோம்பல் தொற்றுநோய் என்று நான் வெகுகாலம் நம்பினேன். முதலில் மாமிக்கு வந்தது, மாமியிடமிருந்து பெரியப்பாவுக்கு, அவரிடமிருந்து அப்பாவுக்கு. பாடசாலையில் பக்கத்தில் இருந்தவளிடம் அதை ஒரு செய்தியாகவே சொன்னேன்.

அந்தக் கிணற்றில் இன்றைக்கும் பங்காளிகள் மூன்று பேர். முறைகள் நான்கு.