டிவி கேம் விற்ற காலம்

புதிதாக வந்த டிவி கேமை ஊரில் முதல் ஆளாக வாங்குகிறவருக்கும் நிம்மதி கிடையாது, அதை விற்கிறவளுக்கும் கிடையாது. பதுளை பஜாரில் ஒரு ரேடியோ, டிவி கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று இந்தப் பெட்டிகளை விற்றவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அங்கேதான் இருந்தேன். ஜப்பானிலோ சிங்கப்பூரிலோ விற்பதற்காகச் செய்த பெட்டி மலையேறி எங்கள் ஊருக்கு வரும்போது, கூடவே ஏதாவது ஒரு வில்லங்கமும் வரும். நீங்களும் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, வீட்டில் வைத்து முழித்தவர் என்றால், இதைப் படிக்கும்போது உங்களுக்கே சிரிப்பு வரும்.

போகிற வழியில் காணாமல் போன கலர்

பெரகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், மனைவியோடு வந்து ஒரு டிவி கேம் வாங்கினார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் வீட்டுக்குக் கலர் டிவி எடுத்திருந்தார்கள். கடை டிவியில் போட்டுக் காட்டினேன். பச்சைப் புல், நீல வானம், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குள்ள மனிதன். அந்த அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

அடுத்த வாரமே பெட்டியோடு திரும்பி வந்தார்கள். வீட்டில் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறதாம். கடை டிவியில் போட்டால் பளிச்சென்று கலர்! கொண்டுபோனார்கள்; மறுபடியும் கறுப்பு வெள்ளை, மறுபடியும் பஸ். கடைசியில், நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடுகிற எங்கள் ரிப்பேர்க்காரர் சுனில்தான் விஷயத்தைப் பிடித்தார். பெட்டி ஜப்பான் முறையில் படம் அனுப்புகிறது. கடையில் இருந்த டிவி எல்லா முறையையும் ஏற்கும், அவர்கள் வீட்டு டிவி ஏற்காது. கொழும்பிலிருந்து ஒரு சின்னக் கருவி வரவழைத்தால் சரியாகும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கடை டிவியில் தெரிந்த பச்சைப் புல்லிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கடையில கலரா இருக்கு, வீட்டுக்குப் போனா போயிருது. எங்க பெரகல பனியில சாயம் கரைஞ்சிருதாங்க, மிஸ்?"

கார் ஓட்டியவர்

செல்லையா நமுனுகுலப் பக்கம் துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். நாற்பது வயது தாண்டியிருக்கும். "பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டேன். "எனக்குத்தாங்க" என்றார், வெட்கப்படாமல். பங்களா ஜன்னல் வழியாக, துரையின் மகன் டிவியில் கார் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அதே நினைப்புதானாம்.

அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. பிறகு வாங்கலாமே என்று நானே சொல்லிப் பார்த்தேன். சின்ன வயதில் ஏற ஆசைப்பட்ட வில் வண்டி, காசு சேர்வதற்குள் ஊரிலேயே இல்லாமல் போன மாதிரி இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று வாங்கிக்கொண்டு போனார். பெட்டி பிரிக்கப்படாமலே அலமாரிக்கு மேல் இருந்தது. சம்பளம் எடுத்து டவுனுக்கு வருகிற நாட்களில் கடைக்கு வந்து, ஓரமாக நிற்பார். கூட்டம் குறைந்ததும் நான் ரிமோட்டைக் கையில் கொடுப்பேன். வளைவு வந்தால் ரிமோட்டோடு அவர் உடம்பும் சாயும்.

கரண்ட் வந்தது, டிவியும் வந்தது. ஆனால் பொழுது சாய்ந்து லயத்தில் எல்லா வீட்டு பல்பும் எரியத் தொடங்கினால், பெட்டி உயிர் பிடிக்கவே இல்லை. அவ்வளவு குறைந்த கரண்ட். பகலில் எல்லாரும் மலையில் இருக்கும்போது ஓடலாம். அந்நேரம் அவரும் வேலையில். ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கே போகவில்லையாம். வேலைக்குப் போகாவிட்டால் செக்ரோல் பதிவில் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. அதைச் சொல்லத்தான் நமுனுகுலவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். "இன்னைக்கு எனக்குப் பேர் இல்லீங்க, மிஸ். ஆனா கார் ஓட்டிட்டேன்."

டொக்டரின் மெமரி கார்டு

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் மகனும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவர் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். டெலிபோனில் மகன் பேசுவதெல்லாம் ஏதோ ஒரு கேமைப் பற்றித்தானாம். மலை, கோட்டை, குதிரை என்று அவன் சொல்லிக்கொண்டே போவான். இவருக்கு "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது. "நீங்களும் பாருங்கோ அப்பா" என்று அந்த சீடியையும், தான் விளையாடியதைப் பதிந்து வைத்த மெமரி கார்டையும் பார்சலில் அனுப்பியிருந்தான்.

டொக்டர் எங்களிடம் புத்தம் புதுப் பெட்டி வாங்கினார். சீடியைப் போட்டால் திரை சிவப்பாகி, இது செல்லாது என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது. அந்தக் கண்டத்து சீடி இந்தக் கண்டத்துப் பெட்டியில் ஓடாது. அப்படிச் செய்துதான் விற்கிறார்கள். உள்ளே ஒரு சின்ன சிப் வைத்தால் ஓடும் என்றார் சுனில் பாஸ். ஆனால் திறப்பதற்கு வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும். வாங்கிய அன்றே யாருக்கு மனசு வரும்? டொக்டர் நகத்தால் தானே கிழித்து, பெட்டியை பாஸிடம் நீட்டினார்.

இரண்டு நாள் கழித்து, கடையிலேயே போட்டுப் பார்த்தோம். மகன் நிறுத்திவிட்டுப் போன இடம் அப்படியே வந்தது. ஒரு மேட்டில் குதிரைக்காரன் நிற்கிறான், கீழே பள்ளத்தாக்கு, குதிரையின் பிடரி மட்டும் காற்றில் அசைகிறது. ரிமோட்டைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. தான் எதையாவது அமத்தி, மகன் விட்ட இடத்திலிருந்து அது நகர்ந்துவிடுமோ என்று பயந்தார். திரையின் மூலையில், அவன் மொத்தமாக எவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறான் என்று போட்டிருந்தது. நூற்றுக்கணக்கில் மணித்தியாலங்கள். "உங்க மகன் எப்பதான் படிக்கிறாரோ" என்று சிரிக்கப் பார்த்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை அந்த இலக்கத்தைப் படித்தார். "இவ்வளவு நேரமும் அவனுக்குப் பக்கத்தில ஆர் இருந்ததெண்டு இதில காட்டாதோ, பிள்ளை?"

குவைத்திலிருந்து வந்த பெட்டி

மேரி அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள், லீவில் வந்தபோது மகன்கள் இருவருக்கும் ஒரு டிவி கேம் கொண்டுவந்தாள். அப்போதுதான் உலகத்துக்கே வந்த புது ரகம். அதற்குரிய கேம் சீடி எங்கள் கடையில் இல்லை, பண்டாரவளையிலும் இல்லை. பழைய ரகத்து சீடிகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியைப் போட்டால் ஒரு சங்கீதம் வரும், வெளிச்சம் சுழலும், பிறகு சீடி போடச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பிள்ளைகள் அந்தச் சங்கீதத்தை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார்களாம்.

"நான் போறதுக்குள்ள வந்துருமாக்கா?" என்று தினமும் யாரையாவது பிடித்துக் கடைக்குப் போன் பண்ணுவாள். கொழும்புக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவள் விமானம் ஏறிய பிறகுதான் வந்தது. புருஷன் பெட்டியோடு இரண்டு பையன்களையும் கூட்டிவந்து, கடையிலேயே போட்டுப் பார்த்தார். பெரியவன் அண்ணன் தோரணையில் பேசாமல் விளையாடினான். சின்னவன் பந்து கோலுக்குள் போனதும் எழுந்து நின்று கத்தினான். கத்திவிட்டு, யாருக்கோ காட்டக் கூப்பிடுகிற மாதிரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. சீடி சரியாக ஓடுகிறது, வயரெல்லாம் சோதித்து அனுப்பினோம், பழுதானால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன் என்று கடைக்காரி சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே மேரியின் குரல் கேட்டது. "அதெல்லாம் சரிக்கா... பிள்ளைங்க சிரிச்சாங்களா?"

புதிதாக ஒன்று வந்தால் வாங்க வேண்டாம் என்று விற்றவள் நான் சொல்லக் கூடாது. ஆனால் வோல்டேஜையும் வாரண்டியையும் விசாரிக்கிற கையோடு, பக்கத்தில் உட்கார ஆள் ஊரில் இருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.